நான்கு ஆறுகளின் நகரில் இருவர்: குவென்காவில் குடியேறிய தம்பதிகளின் அன்றாடம்

தென்னமெரிக்காவின் ஈக்வடார் நாட்டில், ஆண்டிஸ் மலைத்தொடரின் தெற்குப் பகுதியில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,550 மீட்டர் உயரத்தில் அமைந்த குவென்கா நகரம், கடந்த பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக வட அமெரிக்காவிலிருந்து ஓய்வூதியத்தோடு வந்து குடியேறும் முதிய தம்பதிகளுக்குப் பெயர் பெற்ற ஊராகியிருக்கிறது. இக்குடியேற்றத்தைப் பற்றி எழுதப்படுபவற்றுள் பெரும்பகுதி, வாடகை எவ்வளவு, மருத்துவர் கட்டணம் எவ்வளவு என்ற கணக்கோடு நின்றுவிடுகிறது. கணக்கு வேண்டியதுதான், ஆனால், அறுபது வயதைத் தாண்டிய ஒரு கணவனும் மனைவியும் தமக்குப் பழக்கமில்லாத மொழி பேசும் ஊரில் பொழுது விடிந்ததிலிருந்து அடையும் வரை எவ்வாறு வாழ்கிறார்கள் என்பதும், அந்த வாழ்க்கை யாருடைய உழைப்பின் மீதும் யாருடைய பிரிவின் மீதும் நிற்கிறது என்பதும் அதைவிடப் பெரிய கேள்விகள்.

குவென்கா வெறும் மலிவான ஊர் அன்று. கன்யாரி மக்கள் குவாபோந்தெலெக் என்ற பெயரில் வாழ்ந்த இடம் இது. பின்னர் இன்கா அரசர்கள் இதைக் கைப்பற்றித் தொமெபம்பா என்ற பெருநகரை எழுப்பினர். பேரரசன் வாய்னா காபாக் பிறந்ததும் இங்கேதான் என்று மரபு கூறுகிறது. அந்நகரம் அழிந்த பிறகு, 1557 ஏப்ரல் 12 அன்று ஹில் ராமிரெஸ் தாவலோஸ் என்ற ஸ்பானியர் இன்றைய குவென்காவை நிறுவினார். தொமெபம்பா, யானுன்காய், தார்க்கி, மச்சாங்கரா ஆகிய நான்கு ஆறுகள் ஊருக்குள் ஓடுவதால் நான்கு ஆறுகளின் சாந்தா அன்னா என்ற பெயரும் இதற்கு உண்டு. சதுரக் கட்டங்களாக வகுக்கப்பட்ட தெருக்கள், ஓட்டுக் கூரைகள், இரும்புக் கம்பியிட்ட மேல்மாடங்கள், 1885-இல் கட்டத் தொடங்கி நெடுங்காலம் கட்டப்பட்ட புதிய பேராலயத்தின் நீலக் குவிமாடங்கள் ஆகியவை கொண்ட பழைய நகர்ப்பகுதியை 1999-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. புதிதாக வந்த தம்பதிகளுள் பலர் முதல் சில வாரங்களைத் தொமெபம்பா ஆற்றங்கரைப் புல்வெளியில் நடப்பதிலும், 1950-ஆம் ஆண்டு வெள்ளத்தில் பாதி அடித்துச் செல்லப்பட்டு இன்றும் உடைந்த பாலம் என்றே அழைக்கப்படும் கல்பாலத்தின் மேல் நின்று நீரைப் பார்ப்பதிலும் கழிப்பது இயல்பானதே. அந்த அழகு உண்மையானது.

வட அமெரிக்கத் தம்பதிகள் பிற நாடுகளைவிட ஈக்வடாரை எளிதாக உணர்வதற்கு முதற்காரணம் பணம். அதாவது, அங்கே புழங்கும் நாணயம் அமெரிக்க டாலரே. இதன் பின்னணியைப் பலர் அறியாமலே அதன் வசதியை அனுபவிக்கின்றனர். 1999 மார்ச்சில் நாட்டின் வங்கிகள் வரிசையாகச் சரிந்தபோது அரசு வங்கிகளை மூடி, மக்களின் வைப்புத்தொகைகளை முடக்கியது. சுக்ரே என்ற பழைய நாணயத்தின் மதிப்பு நாளுக்கு நாள் கரைந்தது. 2000 ஜனவரி 9 அன்று குடியரசுத் தலைவர் ஹமில் மாவாத், ஒரு டாலருக்கு 25,000 சுக்ரே என்ற விகிதத்தில் டாலரையே நாட்டின் நாணயமாக ஏற்கும் முடிவை அறிவித்தார். வாழ்நாள் சேமிப்பு இவ்வாறு சுருங்கிப்போன குடும்பங்கள் குவென்காவின் எல்லாத் தெருக்களிலும் உண்டு. இன்று கடைக்காரர் மீதியாகத் தரும் ஒரு டாலர் நாணயத்தில் சக்காகவியா என்ற அமெரிக்கப் பழங்குடிப் பெண்ணின் உருவம் இருக்கும்; அமெரிக்காவில் எவரும் பெரிதாகப் பயன்படுத்தாத அந்த நாணயம் ஈக்வடாரில் கைக்குக் கை மாறுகிறது. இருபது டாலர் தாளை நீட்டினால் சில்லறை இல்லையென்று தலையசைக்கும் சிறு வணிகர்களே மிகுதியாதலால், சில்லறை சேர்த்து வைப்பது இங்கு இல்லறத்தின் முதற்பாடங்களுள் ஒன்று.

குடியுரிமை பெறாமல் நீண்ட நாள் தங்குவதற்கான அனுமதி பலவகைப்பட்டது. ஓய்வூதியர் விசா என்பது, வாழ்நாள் முழுதும் வரும் ஓய்வூதியம் தமக்கு உண்டென்று மெய்ப்பிப்பவர்களுக்கு வழங்கப்படுவது. அத்தொகை நாட்டின் அடிப்படை மாத ஊதியத்தைப் போல மூன்று மடங்கு இருத்தல் வேண்டும் என்பது விதி. 2025-இல் அடிப்படை ஊதியம் 470 டாலராக இருந்ததால், தேவைப்பட்ட ஓய்வூதியம் 1,410 டாலர். திருமணச் சான்றிதழும் குற்றப்பதிவின்மைச் சான்றிதழும் அப்போஸ்தில் முத்திரையோடு, அதாவது ஒரு நாட்டின் ஆவணத்தை மற்றொரு நாடு மறுபேச்சின்றி ஏற்பதற்கான பன்னாட்டு ஒப்புதல் முத்திரையோடு வந்து, ஸ்பானிய மொழியில் பெயர்க்கப்பட்டு, நோட்டரி அலுவலகத்தில் சான்றளிக்கப்பட வேண்டும். அதன்பின் செதுலா என்ற அடையாள அட்டை கைக்கு வரும். தற்காலிக அனுமதியில் 21 மாதம் தங்கியவர் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஈக்வடாரின் 2008-ஆம் ஆண்டு அரசியலமைப்பு, எந்த மனிதரையும் அவருடைய குடிபெயர்வு நிலையைக் காரணம் காட்டிச் சட்டவிரோதமானவராகக் கருதலாகாது என்று கூறுவதையும், அந்நாட்டு மண்ணில் வாழும் வெளிநாட்டவர்க்குக் குடிமக்களுக்குரிய உரிமைகளையும் கடமைகளையும் அளிப்பதையும் இங்கு நினைத்துப் பார்க்க வேண்டும். உலகில் இவ்வளவு திறந்த மனத்தோடு எழுதப்பட்ட சட்டவாசகம் அரிது. அதன் பயனைப் பெறுகிறவர்கள் அதைப் படித்தாவது பார்க்கலாம்.

வீடு என்பது இங்கே வேறு வகையான பழக்கம். ஆண்டு முழுதும் பகலில் இருபது பாகையை ஒட்டியும் இரவில் பத்தை ஒட்டியும் வெப்பநிலை நிற்பதால், வீடுகளில் குளிரூட்டியும் இல்லை, வெப்பமூட்டியும் இல்லை. கல்லும் செங்கல்லும் ஓடும் கொண்ட பழைய வீட்டில் மாலை மழைக்குப் பின் உள்ளே இருப்பதைவிட வாசலில் நிற்பது கதகதப்பாக இருக்கும். குளிக்க வெந்நீர் தருவது காலெஃபோன் எனப்படும் எரிவாயுக் கருவி. அது சுவரில் மாட்டப்பட்டு, குழாயைத் திறந்தவுடன் தானே பற்றிக்கொண்டு ஓடும் நீரைச் சூடாக்கும். அதற்கும் அடுப்புக்கும் வேண்டிய 15 கிலோ எரிவாயு உருளைக்கு அரசு பெரும் மானியம் அளிப்பதால் அதன் அதிகாரபூர்வ விலை நெடுங்காலமாக 1.60 டாலராகவே இருந்து வந்துள்ளது. வண்டியில் கொண்டுவந்து மாடியேற்றித் தருபவர்க்கு அதற்கு மேல் கூலி கொடுக்க வேண்டும். வண்டி ஒலிப்பான் அடித்துக்கொண்டு தெருவுக்குள் நுழையும் நேரத்தைக் காதால் அறிந்துகொள்ளாத வீட்டில் தலையில் சோப்பு நுரையோடு எவராவது நிற்க நேரும்.

உயரம் சமையலையும் மாற்றுகிறது. காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்காகக் குறைவதால் நீர் 92 பாகையை ஒட்டியே கொதித்துவிடுகிறது. கொதிக்கிறதே என்று நம்பி இறக்கினால் பயறும் வேகாது, உருளைக்கிழங்கும் நடுவில் கெட்டியாகவே நிற்கும். ஆகவே குக்கர் இல்லாத சமையலறை குவென்காவில் இல்லையென்றே சொல்லலாம். புதிதாக வந்தவர்க்கு முதல் சில நாள்கள் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், தூக்கம் கலையும். நிலநடுக்கோட்டிலிருந்து மூன்று பாகை கூடத் தள்ளியிராத ஊராதலால், குளிர்ந்த காற்றில் நடக்கும்போதே வெயில் தோலைச் சுட்டுவிடும். காலை ஆறு மணியை ஒட்டி விடிவதும் மாலை ஆறு மணியை ஒட்டி இருட்டுவதும் ஆண்டு முழுதும் மாறுவதில்லை. நீண்ட கோடை மாலைகளுக்கும் குறுகிய குளிர்காலப் பகல்களுக்கும் பழகிய வட அமெரிக்கர்க்கு, இந்த மாறாமை தொடக்கத்தில் ஆறுதலாகவும், ஓரிரு ஆண்டுகளுக்குப் பின் காலம் நகர்வதே தெரியாத ஒரு மயக்கமாகவும் ஆவதுண்டு.

நாளின் அச்சு சந்தை. ஆகஸ்டு பத்து என்ற பெயருடைய நகர்நடுச் சந்தையின் கீழ்த்தளத்தில் காய்கனியும் இறைச்சியும் விற்கப்படுகின்றன. மேல்தளத்தில் முழுப்பன்றியை அடுப்பில் வாட்டிய ஹொர்னாதோ என்ற உணவைத் தட்டில் வைத்துக்கொண்டு, ஒரு துண்டைச் சுவைத்துப் பார்க்கும்படி பெண்கள் அழைப்பார்கள். அதனோடு பரிமாறப்படும் மோத்தே என்பது தோல் நீக்கி வேகவைத்த பருமனான வெள்ளை மக்காச்சோளம்; குவென்கா மக்களின் அன்றாட உணவில் இதற்கு இணையானது எதுவும் இல்லை, முட்டையும் வெங்காயத்தாளும் சேர்த்துப் புரட்டினால் அது மோத்தே பில்யோ. மரத்தக்காளி, நரஞ்சில்யா, பபாக்கோ, தாக்ஸோ, கிரனதில்யா என்று பெயர் சொல்லிப் பழகுவதற்கே பல வாரம் பிடிக்கும் பழங்கள் குவிந்திருக்கும். ஒரே பெண்ணிடம் திரும்பத் திரும்ப வாங்குபவர்க்கு, கேட்காமலே ஒரு பிடி மல்லித்தழையோ ஒரு பழமோ கொசுறாகச் சேரும். இதை யாப்பா என்பர். பேரங்காடிக்கு மட்டுமே செல்லும் தம்பதிகளுக்குச் சுத்தமும் விலைச்சீட்டும் கிடைக்கின்றன, ஆனால் இந்தக் கொசுறும் அதைத் தருபவரின் நலம் விசாரிப்பும் கிடைப்பதில்லை. சந்தையை விட்டுக்கொடுப்பவர் நகரத்தின் பாதியை விட்டுக்கொடுத்தவர் என்பதில் ஐயமில்லை.

மதிய உணவே இங்கு பெரிய உணவு. அல்முவெர்சோ என்பது சிற்றுணவகங்கள் நண்பகலில் வழங்கும் ஒரே விலைச் சாப்பாடு: முதலில் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் இட்ட லோக்ரோ போன்ற ஒரு சூப், அடுத்துச் சோறும் இறைச்சியும் பருப்போ காயோ கொண்ட தட்டு, பழச்சாறு, சில இடங்களில் ஒரு சிறு இனிப்பு, மூன்று டாலரை ஒட்டிய விலைக்கு இவ்வளவும் மேசைக்கு வரும். வங்கி எழுத்தர், கட்டடத் தொழிலாளி, பள்ளி ஆசிரியை எல்லோரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் அமர்வதும், உள்ளே நுழைபவர் முன்பின் அறியாதவர்க்கும் நன்றாகச் சாப்பிடுங்கள் என்று வாழ்த்துச் சொல்லிவிட்டே அமர்வதும் நகரின் நல்ல பண்புகளுள் முதலாவதாக வைக்கத்தக்கவை. அந்த வாழ்த்துக்குத் திரும்ப ஒரு சொல் சொல்லக் கற்றுக்கொண்ட நாளே ஒரு தம்பதி குவென்காவில் வாழத் தொடங்கிய நாள்.

சந்தையின் மூலிகைக் கடைகளின் அருகே, செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில், மூலிகைக் கட்டால் உடலைத் தட்டி, முட்டையை உடலெங்கும் உருட்டி, கண்ணேறும் பயமும் கழிக்கும் பெண்கள் அமர்ந்திருப்பார்கள். இச்சடங்கின் பெயர் லிம்பியா. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார் வரிசையில் நிற்பர். பேராலயத்துக்கு அருகில், பூக்கடைச் சதுக்கத்தை ஒட்டிய கார்மெலைட் கன்னிமடத்தில், வெளியுலகத்தைக் காணாமல் வாழும் துறவியர், பல மலர்களையும் மூலிகைகளையும் கொதிக்கவைத்த பித்திமா நீரைச் சுழலும் மரப்பெட்டி வழியாக விற்கின்றனர். மருந்துக்கடை தெருவுக்குத் தெரு உள்ள ஊரில் இவையும் வாழ்கின்றன என்பதைக் குடியேறியவர்கள் வேடிக்கைப் பொருளாகப் படமெடுப்பது வருந்தத்தக்கது. அது அங்குள்ளோரின் நம்பிக்கை, அவ்வளவே.

இனி, தம்பதி என்ற உறவுக்குள்ளேயே இந்த வாழ்க்கை செய்யும் மாற்றத்தைக் காண வேண்டும்; குடியேற்றம் பற்றிய எழுத்துகளில் மிகக் குறைவாகப் பேசப்படுவது இதுவே. சொந்த ஊரில் கணவனுக்கு ஒரு வட்டம், மனைவிக்கு ஒரு வட்டம், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், அண்டை வீட்டார் என்று பலர் மீது பரவியிருந்த அன்பும் எரிச்சலும், புதிய ஊரில் ஒருவர் மீது ஒருவராக மட்டும் குவிகின்றன. இருவரும் ஒரே வேகத்தில் ஸ்பானிய மொழி கற்பதில்லை. கூச்சமற்றவர், பிழையோடேனும் பேசுபவர், முதலில் முன்னேறுவார். வீட்டு உரிமையாளரோடு பேசுவது, குழாய் பழுது பார்ப்பவரை அழைப்பது, மருத்துவரிடம் விளக்குவது எல்லாம் அவர் பொறுப்பாகும். மற்றவர் மெல்ல மெல்ல வாய் பேசாதவராக ஆகிவிடுவார். நாற்பது ஆண்டு இல்லறத்தில் முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர் திடீரெனத் தன் பல்வலியை விளக்கக்கூடத் துணையை எதிர்பார்க்கும் நிலைக்கு வருவது, வெளியே தெரியாத பெரும் வலி. முன்னேறியவர்க்கோ ஒவ்வொரு நாளும் மொழிபெயர்ப்பாளர் வேலை செய்யும் களைப்பு. ஆகவே இருவருள் ஒருவர் கற்றால் போதும் என்ற எண்ணமே இக்குடியேற்றங்களில் மிகக் கெடுதியானது என்று துணிந்து கூறலாம். குவென்கா மக்கள் சொற்களை இசைபோல் ஏற்றி இறக்கிப் பேசுபவர்கள், பொறுமையாகக் கேட்பவர்கள். தவறான வினைச்சொல்லைப் பொருட்படுத்தாமல் பொருளைப் பிடித்துக்கொள்வார்கள். கற்பதற்கு இதைவிட நல்ல ஊர் கிடைப்பது கடினம்.

மொழி தடையானவர்க்கு மற்றொரு வழி உண்டு: தம்மைப் போன்றோர் நடுவில் வாழ்வது. நகரின் மேற்கே ஒர்தோனியெஸ் லாஸ்ஸோ நெடுஞ்சாலையை ஒட்டி எழுந்த உயர்ந்த அடுக்குமாடிகள் உள்ள பகுதியை உள்ளூரார் கிரிங்கோலாந்தியா என்பர்; கிரிங்கோ என்பது வட அமெரிக்கரைக் குறிக்கும் பேச்சு வழக்கு. ஆங்கிலத்திலேயே காலை உணவகம், ஆங்கிலத்திலேயே மருத்துவர், ஆங்கிலத்திலேயே சீட்டாட்டம் என்று அங்கு ஆண்டுக்கணக்காக வாழ முடியும். முதல் மாதங்களில் இந்தத் துணை உயிர்காக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. விசா வழக்கறிஞர் யார், நம்பத்தக்க பல் மருத்துவர் யார் என்ற செய்தி இவ்வட்டங்களிலேயே கிடைக்கிறது. ஆயினும், சிலர் திரும்பிச் செல்வதும் சிலர் இறப்பதும் தொடர்ந்து நிகழும் கூட்டமாதலால், அங்கு மட்டுமே நட்பு வைத்தவர்க்கு அது விரைவில் வெறுமையாகிவிடும். உள்ளூர்க் குடும்பங்களோ ஞாயிறுதோறும் மூன்று தலைமுறையும் ஒரே மேசையில் உண்ணும் இறுக்கமான வட்டங்கள். அவற்றுள் அயலார்க்கு இடம் கிடைக்க ஆண்டுகள் ஆகும், கிடைத்தபின் அது நிலைக்கும்.

அந்த ஞாயிற்று மேசைகளில் வெற்று நாற்காலிகளும் உண்டு என்பதையே இங்கு சற்று விரிவாகக் கூற வேண்டியிருக்கிறது. குவென்கா தலைநகராக உள்ள அசுவாய் மாநிலமும் அதன் வடக்கேயுள்ள கன்யார் மாநிலமும் ஈக்வடாரிலேயே வெளிநாட்டுக் குடிபெயர்வு வேரூன்றிய பகுதிகள். பனாமா தொப்பி என்று உலகம் தவறாக அழைக்கும் தொப்பி, தொக்கில்யா என்ற ஓலையால் ஈக்வடாரில் பின்னப்படுவது. அதைப் பின்னும் கலையை 2012-இல் யுனெஸ்கோ தொட்டுணர முடியாத மரபுச் செல்வமாக ஏற்றது. அசுவாய், கன்யார் கிராமங்களின் வீடுகளில் பெண்களும் ஆண்களும் சிறுவரும் பின்னிய தொப்பிகள் 1940-களில் பெருமளவில் நியூயார்க்குக்கு ஏற்றுமதியாயின; 1950-களில் அவ்வணிகம் சரிந்தபோது, தொப்பி வணிகத்தின் தொடர்புகளைப் பற்றிக்கொண்டே முதற் குடிபெயர்வோர் நியூயார்க் சென்றனர். அடுத்தடுத்த பத்தாண்டுகளில் அவ்வழி அகன்றது. 1999-இன் வங்கிச் சரிவுக்குப் பின் அது ஆறாகப் பெருகி, ஸ்பெயினுக்கும் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதிக்கும் ஊர் ஊராக இளையோரைக் கொண்டுசென்றது. அவர்கள் அனுப்பிய பணத்தில் குவென்காவைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் இரண்டு மூன்று அடுக்கு வீடுகள் நிற்கின்றன. பலவற்றில் தாத்தாவும் பாட்டியும் பேரப்பிள்ளைகளும் மட்டுமே வாழ்கின்றனர், சில பூட்டிக் கிடக்கின்றன.

ஆகவே ஒரே தெருவில் இருவகைக் குடும்பங்கள் எதிரெதிரே இருக்கின்றன. ஒன்றில் வட அமெரிக்க முதியோர் இருவர், அமெரிக்காவிலுள்ள தம் பேரப்பிள்ளையைக் காணொளி அழைப்பில் பார்க்கின்றனர். மற்றொன்றில் ஈக்வடார் முதியோர் இருவர், அமெரிக்காவிலுள்ள தம் மகனை அதே மாலையில் அதேபோலப் பார்க்கின்றனர். வேறுபாடு இதுதான்: முன்னவர்க்கு விரும்பியபோது விமானம் ஏறும் உரிமை உண்டு, அமெரிக்கக் கடவுச்சீட்டு உள்ளவர் விசா இன்றியே ஈக்வடாரில் 90 நாள் தங்கலாம். பின்னவரின் மகன் உரிய ஆவணமின்றிச் சென்றவராயின், தாயின் இறுதிச் சடங்குக்கு வந்தால் மீண்டும் போக முடியாது. பெற்றோர் அவரைக் காணச் செல்ல அமெரிக்கத் தூதரகம் விசா தர வேண்டும், அது எளிதில் கிடைப்பதில்லை. இந்த ஏற்றத்தாழ்வைக் குடியேறிய தம்பதிகள் உண்டாக்கவில்லை. ஆனால், எதிர்வீட்டுப் பாட்டியின் மகன் எங்கே என்று கேட்டு அறிந்துகொள்ளாமல் அவர் பக்கத்தில் பத்து ஆண்டு வாழ்வது அண்டை வாழ்க்கை ஆகாது.

மலிவு என்று பாராட்டப்படுவதன் இயல்பும் இதிலிருந்து விளங்கும். ஒரு நாட்டில் ஈட்டிய வருமானத்தை, ஊதியமும் விலையும் குறைந்த மற்றொரு நாட்டில் செலவழித்து வாழ்க்கைத் தரத்தை உயர்த்திக்கொள்வதைச் சமூகவியலார் புவிசார் விலைவேறுபாட்டுப் பயன் என்ற பொருளில் விவரிக்கின்றனர். மேத்யூ ஹேஸ் என்ற கனடியச் சமூகவியலாளர் 2018-இல் வெளியிட்ட கிரிங்கோலாந்தியா என்ற நூல் குவென்காவின் இக்குடியேற்றத்தையே ஆய்கிறது. உள்நாட்டில் போதாத ஓய்வூதியமும் மருத்துவச் செலவின் அச்சமும் இம்முதியோரை வெளியேற்றுவதையும், அவர்கள் வந்து சேரும் நகரில் பழைய ஏற்றத்தாழ்வுகள் புதிய வடிவம் பெறுவதையும் அது ஒருசேரக் காட்டுகிறது. இரு பக்கத்தையும் சேர்த்துப் பார்ப்பதே நேர்மை. மூன்று டாலர் சாப்பாடு மூன்று டாலருக்குக் கிடைப்பது, அதைச் சமைப்பவரின் ஊதியம் குறைவாக இருப்பதால்.

வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் நிலையில் இது மிகத் தெளிவாகத் தெரிகிறது. ஈக்வடார் சட்டத்தில் வீட்டுப் பணியாளர்க்கும் நாட்டின் பொது அடிப்படை ஊதியம் பொருந்தும். வாரத்தில் சில நாள் மட்டும் வருபவராயினும் அவரைச் சமூகக் காப்பீட்டு நிறுவனத்தில் பதிவு செய்வது வேலை தருபவரின் கடமை. டிசம்பரில் பதின்மூன்றாம் ஊதியமும், மலைப்பகுதியில் ஆகஸ்டில் பதினான்காம் ஊதியமும் கொடுக்கப்பட வேண்டும். உள்ளூரிலேயே பலர் இதைச் செய்வதில்லை என்பதைச் சில தம்பதிகள் சாக்காகக் கொள்கின்றனர். ஊரின் சட்டத்தால் வசிப்புரிமை பெற்றவர்கள், அதே சட்டம் அப்பெண்ணுக்குத் தரும் உரிமையைக் குறைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

முதுமையே இக்குடியேற்றத்தின் காரணம். முதுமையே அதன் சோதனையும். அமெரிக்க முதியோர்க்கான மெடிகேர் என்ற அரசுக் காப்பீடு பொதுவாக வெளிநாட்டு மருத்துவச் செலவை ஏற்பதில்லை. எனவே தனியார் காப்பீடு எடுப்போரும், மாதச் சந்தா செலுத்தி ஈக்வடாரின் சமூகக் காப்பீட்டில் சேர்வோரும், கைப்பணத்தை நம்புவோரும் என மூவகையினர் உள்ளனர். குவென்காவின் மருத்துவர்கள் நோயாளியோடு அரைமணி நேரம் அமர்ந்து பேசுவதையும், தம் கைப்பேசி எண்ணைத் தாமே தருவதையும் வந்தவர்கள் நன்றியோடு கூறுகின்றனர். 65 வயது நிறைந்தவர்க்குப் பேருந்திலும் 2020-இல் ஓடத் தொடங்கிய டிராம் வண்டியிலும் பாதிக் கட்டணம், வரிசையில் முன்னுரிமை. ஆனால் இருவருள் ஒருவர் இறக்கும் நாள் எல்லாத் தம்பதிக்கும் வரும். மொழி தெரிந்தவர் முதலில் இறந்தால், எஞ்சியவர் வங்கிக் கணக்கையும் வாடகை ஒப்பந்தத்தையும் இறப்புச் சான்றிதழையும் தனியே எதிர்கொள்ள வேண்டும். விசாவே துணையின் ஓய்வூதியத்தைச் சார்ந்து பெற்றதாயின் வசிப்புரிமையும் கேள்விக்குறியாகும். நிரந்தர வசிப்புரிமைக்கு இருவரும் தனித்தனியே விண்ணப்பிப்பதும், உயிலை ஈக்வடாரிலும் எழுதி வைப்பதும், எங்கே அடக்கம் செய்யப்பட விருப்பம் என்று இருவரும் மனம்விட்டுப் பேசிக்கொள்வதும் நோய் வரும் முன்னரே செய்யத்தக்கவை.

ஆண்டின் விழாக்கள் இவ்வன்றாடத்துக்கு நிறம் சேர்க்கின்றன. கோர்ப்புஸ் கிறிஸ்தி என்ற கத்தோலிக்க விழாவின் ஏழு நாளும் கால்தெரோன் பூங்காவைச் சுற்றி இனிப்புக் கடைகளும், இரவில் மூங்கிற் சட்டத்தில் கட்டிய வாணவேடிக்கைக் கோட்டைகளும். நவம்பர் 2 அன்று, நீத்தார் நினைவாக, கரிய மக்காச்சோள மாவும் பழங்களும் சேர்த்துக் காய்ச்சிய ஊதாநிறக் கூழும் குழந்தை வடிவ ரொட்டியும். டிசம்பர் 24 அன்று, 1961-இல் ரோம் வரை சென்று வந்ததால் பயணி எனப் பெயர் பெற்ற குழந்தை இயேசு சிலையின் முன் நாள் முழுதும் செல்லும் ஊர்வலம். குதிரை மேல் அமர்த்தப்பட்ட சிறுவர்களும், குதிரையின் பக்கங்களில் தொங்கும் பழங்களும் ரொட்டிகளும் வாட்டிய இறைச்சியும் காணத்தக்கவை.

2024 இந்த நகரை வேறு விதத்தில் சோதித்தது. காஹாஸ் தேசியப் பூங்காவின் உயர்ந்த புல்வெளிகளும் ஏரிகளும் மழையைத் தேக்கி ஆறுகளாக ஊருக்குள் அனுப்புகின்றன; குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கக்கூடிய அரிய தென்னமெரிக்க நகரங்களுள் குவென்கா ஒன்றாக இருப்பதும் அதனால்தான். அவ்வாண்டு மழை பொய்த்தது. தொமெபம்பா கற்களாகக் காய்ந்தது. காஹாஸில் காட்டுத்தீ பரவியது. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பங்கைத் தரும் பாவுத்தே ஆற்று அணைகள் வற்றியதால் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நாடெங்கும் மின்வெட்டு, சில வாரங்களில் நாளுக்குப் பதினான்கு மணி நேரம் வரை நீண்டது. மெழுகுவத்தியும் மின்கலமும் தேடிய அந்நாள்களில், அடுக்குமாடியின் மின்தூக்கி நின்றதால் படியேற முடியாத முதியோர்க்கு உணவு கொண்டுவந்தவர்கள் அண்டை வீட்டாரே. ஆறுகளின் ஊற்றுப்பகுதிகளில் உலோகச் சுரங்கம் தோண்டலாகாது என்று 2021 பிப்ரவரியில் நடந்த பொதுவாக்கெடுப்பில் நகர மக்களில் ஐந்தில் நான்கு பங்கினர் வாக்களித்ததன் பொருளை, வறண்ட ஆற்றைக் கண்ட பிறகே குடியேறியவர் பலர் முழுதாக உணர்ந்திருப்பர்.

நாட்டின் கடற்கரை நகரங்களில் போதைப்பொருள் கும்பல்களின் வன்முறை மிகுந்து, 2024 ஜனவரியில் அரசு உள்நாட்டு ஆயுத மோதல் நிலையை அறிவித்தது. குவென்கா ஒப்பீட்டளவில் அமைதியாகவே இருந்துவந்துள்ளது. எனினும் அச்சத்தாலும், பேரப்பிள்ளைகள் மீதான ஏக்கத்தாலும், நோயாலும் திரும்பிச் செல்வோர் உண்டு. அதைத் தோல்வி என்று கொள்ள வேண்டியதில்லை.

போக எண்ணும் தம்பதிகளுக்குச் சொல்லத்தக்கவை சில. இருவருமே புறப்படும் முன் ஸ்பானிய மொழியைத் தொடங்குக. வீட்டை வாங்காமல், மழைக்காலமும் வெயிற்காலமும் முழுதாகக் கழியும் வரை வாடகையில் இருந்து பார்க்க. ஒரு நாளேனும் குக்கரும் வெந்நீரும் மின்சாரமும் இன்றிச் சமாளிக்கப் பழகுக. வீட்டு வேலைக்கு ஒரு பெண் வருவாரானால், அவர் வரும் முதல் மாதத்திலேயே அவர் பெயரைச் சமூகக் காப்பீட்டில் பதிவு செய்க. அவருடைய முதுமைக்கும் ஓர் ஓய்வூதியம் வேண்டும்.